ஒரே துணி: இஸ்லாமிய அறத்தைச் சேரியிலிருந்து வாசித்தல்

படிப்பு வட்டம் ஒன்றில் கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தோழர், இஸ்லாத்துல ஒழுக்கம்னா என்ன? அஞ்சு வேளை தொழுகை, நோன்பு, வட்டி வாங்காம இருக்கிறது, பர்தா... இவ்வளவுதானா? இதுல நம்ம ஜனங்களுக்கு என்ன இருக்கு?"

அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சமத்துவம், சகோதரத்துவம் என்று மேடையில் பேசுகிற நாலு வார்த்தைகள். அந்தப் பையன் தலையை ஆட்டிக்கொண்டான். ஆனால் அவன் முகத்தில் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. நம் இதழ்களில் இஸ்லாம் என்று பேச்செடுத்தாலே மதமாற்றம், மீனாட்சிபுரம், சலுகை பறிபோவது என்றுதான் விவாதம் போகிறது. அந்த மதம் நல்ல மனுஷன் என்று யாரைச் சொல்கிறது, அதை எந்த அளவுகோலால் அளக்கிறது என்று நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பையனுக்கு நான் தரவேண்டியிருந்த பதில்.

முதலில் ஒரு சாப்பாட்டுத் தட்டிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கடற்கரையோர ஊர் ஒன்றில் ஒரு முஸ்லிம் முதலாளியின் தென்னந்தோப்பில் அப்பா கூலி வேலை பார்த்தார். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஊர்க்காரர் வீட்டு விசேஷங்களுக்கு எப்படிப் போவோமோ அப்படித்தான் போனோம். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையில் பாத்திரத்தோடு. "ஓரமா நின்னு வாங்கிக்கிட்டு வந்துருவோம்டா" என்றார் அப்பா. அங்கே பந்தி வேறு மாதிரி இருந்தது. தரையில் விரிப்பு. பெரிய பெரிய தட்டுகளில் சோறு குவித்து, ஒரு தட்டைச் சுற்றி நாலு பேர். சஹன் என்கிறார்கள். ஒரே தட்டில் நாலு பேர் கைபோட்டுச் சாப்பிடுவது. ஒரு தட்டில் இரண்டு ஆள் குறைவாக இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, "ஏம்ப்பா நிக்கிறீங்க, வந்து உக்காருங்க" என்றார். அப்பா அசையவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார். உட்கார்ந்தோம்.

நான் சாப்பிட்டேன். அப்பாவின் கை மட்டும் தட்டின் ஓரத்தைத் தாண்டிப் போகவே இல்லை. தன் பக்கம் இருந்த சோற்றை மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். நடுவில் இருந்த கறியைத் தொடவில்லை. பெரியவர் பேச்சுவாக்கில் "எந்தத் தெரு?" என்று கேட்டார். அப்பா சொன்னார். அவர் கையை எடுக்கவில்லை. கறித்துண்டு ஒன்றைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிட்டு, உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. திரும்பி வரும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை.

இதை வைத்துக்கொண்டு இஸ்லாம் வாழ்க என்று கோஷம் போட நான் வரவில்லை. அதே முதலாளி அப்பாவுக்கு மூன்று மாதக் கூலி பாக்கி வைத்திருந்தார். கேட்கப் போனால் வாசலில் நிற்க வைத்தே பேசுவார். ஒரே ஊரில், ஒரே மார்க்கத்தைச் சேர்ந்தவர்களிடம், சோற்றுத்தட்டு ஒரு பக்கமும் கூலிபாக்கி இன்னொரு பக்கமுமாக இருந்தது. இரண்டில் எது அவர்கள் மார்க்கம் என்று பிற்பாடு நான் நூல்களைத் தேடிப் படித்ததற்கு இதுதான் காரணம்.

அரபியில் அக்லாக் என்று ஒரு சொல். நற்குணம், நன்னடத்தை என்று நம் மொழியில் சொல்லலாம். நற்குணங்களை நிறைவு செய்யவே தான் அனுப்பப்பட்டதாக முகம்மது நபி சொன்னார் என்பது ஹதீஸ் மரபு. ஹதீஸ் என்றால் நபியின் சொல்லும் செயலும் பற்றி வாய்வழியாக வந்து, பின்னால் தொகுக்கப்பட்ட செய்திகள். அவற்றில் குணம் பற்றி வருகிறதைத் தொடர்ந்து வாசித்தால் ஒன்று கண்ணில் படும். தொழுகையின் கணக்கைவிட, அடுத்த மனுஷனிடம் நடந்துகொண்ட கணக்குதான் அங்கே ஆளைக் கவிழ்க்கிறது. ஒரு பெண் நிறையத் தொழுகிறாள், நோன்பு வைக்கிறாள், தர்மம் செய்கிறாள். ஆனால் நாக்கால் அண்டை வீட்டாரைப் புண்படுத்துகிறாள். அவள் நரகத்துக்கு என்கிறார் நபி. இன்னொருத்தி கடமைக்கு மேல் அதிகம் தொழுவதில்லை, பாலாடைக்கட்டித் துண்டுகளைத்தான் தர்மம் கொடுக்கிறாள், ஆனால் யாரையும் நோகடிப்பதில்லை. அவள் சொர்க்கத்துக்கு. திவாலானவர் யார் தெரியுமா என்று தோழர்களிடம் அவர் கேட்டதாக இன்னொரு செய்தி. காசு பணம் இல்லாதவர் என்று அவர்கள் சொல்ல, இல்லையென்று வேறு கணக்கைச் சொல்கிறார். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு தீர்ப்பு நாளில் வருகிறார் ஒருவர். ஆனால் ஒருத்தனைத் திட்டியிருக்கிறார், ஒருத்தன் சொத்தைத் தின்றிருக்கிறார், ஒருத்தனை அடித்திருக்கிறார். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இவருடைய நன்மைகள் பங்கு போட்டுக் கொடுக்கப்படுகின்றன. நன்மை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவர் தலையில் ஏற்றப்படுகின்றன. கூலிபாக்கி வைத்த முதலாளியை நான் இந்த இடத்தில்தான் நினைத்துக்கொள்வது வழக்கம்.

அம்பேத்கரை வாசித்தவர்களுக்கு இந்த அளவுகோல் புதிதாக இருக்காது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அவர் தம்மத்தையும் அறத்தையும் பிரிக்காமல் வைத்து, மனுஷனுக்கும் மனுஷனுக்கும் இடையே உள்ள நடத்தையில்தான் தம்மம் இருக்கிறது என்று வாதிட்டார். அதே கேள்வியை இஸ்லாத்தின் முன்னாலும் வைக்கலாம். வைக்க வேண்டும். வைத்தால் நமக்கு முதலில் கிடைக்கிற ஆள் அபூதர்.

அபூதர், கிஃபார் குலத்துக்காரர். வழிப்பறிக்குப் பேர்போன குலம் அது. வணிகக் கூட்டங்கள் அவர்களுக்குப் பயந்து போகும். மக்காவில் முகம்மது என்று ஒருவர் புதிதாக ஏதோ சொல்கிறார் என்று கேள்விப்பட்டு, தேடிப்போய், மிக ஆரம்பத்திலேயே இஸ்லாத்தில் சேர்ந்தவர். கஃபாவின் அருகில் நின்று அதைச் சத்தமாகச் சொல்லி அடிவாங்கியவர். ஆக, கொள்கையில் குறை சொல்ல முடியாத ஆள்.

அப்படிப்பட்ட ஆள் ஒரு சண்டையில் இன்னொருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவாகப் பேசிவிட்டார். தாய் அரபுப் பெண் அல்ல என்பதுதான் அந்த வசவின் சாரம். திட்டு வாங்கியவர் யார் என்று புகாரியின் தொகுப்பில் பெயர் இல்லை. அவர் பிலால்தான், எத்தியோப்பிய அடிமைப் பெண்ணின் மகன் பிலால்தான் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். விஷயம் நபியிடம் போனது. அவர் அபூதரிடம், தாயைச் சொல்லியா திட்டினாய் என்று கேட்டுவிட்டு, உன்னிடம் இன்னும் ஜாஹிலிய்யா இருக்கிறது என்ற பொருளில் சொன்னார். ஜாஹிலிய்யா என்றால் இஸ்லாம் வருவதற்கு முந்திய அறியாமைக் காலம். குலப்பெருமையும் பழிக்குப்பழியும் இருந்த காலம். நம் பாஷையில் சொன்னால்: மதம் மாறிட்டே, ஆனா உன் ஜாதிப்புத்தி மாறலை. அதோடு விடவில்லை. உங்கள் அடிமைகள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கு உண்ணக் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள், தாங்க முடியாத வேலையை ஏவாதீர்கள், ஏவினால் கூட நின்று உதவுங்கள் என்றார்.

இந்தச் செய்தி நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். யாரோ ஒருவர் அபூதரைப் பற்றிப் புறம் பேசி இது வரவில்லை. பல வருஷம் கழித்து, ரபதா என்கிற பாலைவனத்துச் சிற்றூரில், மஃரூர் என்பவர் வயதான அபூதரைப் பார்க்கிறார். அபூதர் மேல் ஒரு துணி. பக்கத்தில் நிற்கிற அவருடைய அடிமையின் மேலும் அதே மாதிரித் துணி. அவன் போட்டிருப்பதையும் வாங்கி நீங்களே போட்டுக்கொண்டால் ஒரு முழு ஜோடி உடை ஆகுமே என்று சொன்னதாகவும் ஒரு வடிவம் இருக்கிறது. ஏன் இப்படி என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் அபூதர் தன்னுடைய பழைய வசவை, தான் வாங்கிய திட்டை, தானே எடுத்துச் சொல்கிறார். தன் கேவலத்தைத் தானே சரித்திரத்தில் ஏற்றுகிறார். நம்மூரில் தாயைச் சொல்லி, தெருவைச் சொல்லி நம்மைத் திட்டியவர்களில் எத்தனை பேர் பிற்பாடு அதைத் தங்கள் வாயால் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்? எழுதி வைத்திருக்கிறார்கள்? நான் தேடிப் பார்த்துவிட்டேன். விட்டுவிடுவோம்.

துணி என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, மேல்துண்டு தோளில் கிடக்கக்கூடாது, பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது என்றெல்லாம் உடம்பில் எழுதப்பட்ட சட்டத்தை வாழ்ந்து பார்த்தவர்கள் நாம். எசமானும் அடிமையும் ஒரே துணியில் நின்றால் தூரத்திலிருந்து வருகிறவனுக்கு யார் யாரென்று தெரியாது. ஆளைப் பார்த்தவுடன் தரம் பிரிக்கிற கண்ணுக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. அபூதர் செய்தது அதைத்தான்.

அவர் ஏன் ரபதாவில் இருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிரியாவில் முஆவியா ஆளுநராக இருந்த காலம். செல்வம் குவிகிறது, மாளிகைகள் எழும்புகின்றன. தங்கத்தையும் வெள்ளியையும் குவித்துவைத்து இறைவழியில் செலவிடாதவர்களைக் கண்டிக்கிற குர்ஆன் வசனத்தை அபூதர் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வசனம் வேதக்காரர்களைப் பற்றியது என்றார் முஆவியா. நம்மையும் சேர்த்துத்தான் என்றார் அபூதர். புகார் மதீனாவுக்குப் போனது. மூன்றாம் கலீஃபா உஸ்மான் காலத்தில் அவர் ரபதாவுக்கு ஒதுங்கினார். நாடு கடத்தினார்கள் என்று ஒரு தரப்பு, தானே போனார் என்று ஒரு தரப்பு. 652 வாக்கில் அங்கேயே செத்தார். கஃபன் போடத் துணி இல்லை என்று மனைவி கலங்கினாராம். அரசாங்கப் பதவி பார்த்த யாரும் தனக்குக் கஃபன் போடக்கூடாது என்று அபூதர் சொல்லிவைத்திருந்ததாகவும், அவ்வழியே வந்த கூட்டத்தில் ஓர் இளைஞர் தன் தாய் நெய்த துணியைக் கொடுத்ததாகவும் ஒரு மரபுச் செய்தி உண்டு.

பிலாலைப் பற்றி நம் ஆட்கள் கொஞ்சம் கேள்விப்பட்டிருப்பார்கள். உமையா என்ற குறைஷித் தலைவரின் அடிமை. கொதிக்கிற மணலில் மல்லாத்திப் போட்டு நெஞ்சில் பாறை வைத்தார்கள். இறைவன் ஒருவனே என்பதை ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டே கிடந்தார். அபூபக்கர் விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். 630இல் மக்கா நபியின் வசம் வந்த அன்று, கஃபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லும்படி பிலாலைத்தான் நபி ஏவினார். கீழே நின்ற பழைய பெருந்தலைகளால் தாங்க முடியவில்லை. இதைப் பார்க்காமல் என் அப்பன் முன்னாடியே செத்துப்போனானே என்று ஒருவரும், இந்தக் கறுப்புக் காக்கையைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று ஒருவரும் முணுமுணுத்ததாக உரைநூல்கள் சொல்கின்றன. மனிதர்களை ஓர் ஆண் ஒரு பெண்ணிலிருந்தே படைத்ததாகவும், இனங்களும் குலங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்றும், இறையச்சம் மிக்கவரே மேலானவர் என்றும் சொல்கிற குர்ஆன் வசனம் இந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியதாக ஒரு கருத்து உண்டு. வசனம் எல்லா மேடையிலும் முழங்குகிறது. அந்த முணுமுணுப்பைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். தலித் ஒருவர் ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்காரும்போது கேட்கிற அதே சத்தம்.

சாலிம் என்றொருவர். அவரும் விடுதலை பெற்ற அடிமை. குர்ஆனை அதிகம் மனனம் செய்தவர் என்பதால் குபா பள்ளியில் அவர் முன்னே நின்று தொழுகை நடத்த, உமர் போன்ற குறைஷிப் பிரமுகர்கள் பின்னே நின்று தொழுதார்கள். கருவறைக்கு வெளியே எத்தனை அடி தூரத்தில் நிற்கலாம் என்று நமக்கு அளந்து கொடுத்தவர்கள் இதைப் படித்துப் பார்க்கலாம்.

சரி. இதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் ரபதாவின் அந்தக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். ஒரே துணியில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஆனாலும் ஒருவர் எசமான், மற்றவர் அடிமை. அபூதரின் பெயர் நமக்குத் தெரியும். துணியைப் பங்குபோட்டுக்கொண்டவரின் பெயர் தெரியாது.

என் வாசிப்பில் இந்த இடத்தில்தான் நான் பல நாள் நின்றுவிட்டேன். அடிமையை விடுதலை செய்வதைக் குர்ஆன் பெரிய நன்மையாகச் சொல்கிறது. செங்குத்தான பாதை எது என்று கேட்டு, அடிமையின் கழுத்தை விடுவிப்பதை முதலில் வைக்கிறது. ஜகாத் நிதியில் அதற்குப் பங்கு ஒதுக்குகிறது. சில குற்றங்களுக்குப் பரிகாரமே ஓர் அடிமையை விடுவிப்பதுதான். அபூ மஸ்ஊத் என்ற தோழர் தன் அடிமையைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து நபியின் குரல் கேட்டு, சவுக்கைப் போட்டுவிட்டு, அந்த இடத்திலேயே அவரை விடுதலை செய்தார். செய்யாமலிருந்தால் நெருப்பு உன்னைத் தொட்டிருக்கும் என்றார் நபி. என் அடிமை என்று கூப்பிடாதீர்கள் என்று கூப்பிடுகிற வார்த்தையைக்கூட மாற்றச் சொன்னார். ஆனால் அடிமைமுறையே கூடாது என்று ஒரு வரியில் சட்டம் வரவில்லை. எசமானின் நற்குணத்தை நம்பி விடப்பட்டது. பின்னால் வந்த சட்டநூல்கள் அடிமையை வாங்குவது விற்பதற்கெல்லாம் விதிகள் எழுதின. அடிமைப் பெண்ணின் உடல் மேல் எசமானுக்கு உரிமை உண்டு என்றும் எழுதின. நம் பெண்கள் பண்ணையாரின் களத்துமேட்டில் பட்டது என்னவென்று தெரிந்தவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் காலத்துக்கு அது முற்போக்கு என்று சில இஸ்லாமிய நண்பர்கள் என்னிடம் சொல்வார்கள். இருக்கலாம். அந்தக் காலத்துக்கு என்று சொல்லித்தான் இங்கேயும் மனுவுக்கு வக்காலத்து வாங்குகிறார்கள்.

நற்குணத்தை நம்பி விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரம் ஒரு சாட்சி வைத்திருக்கிறது. ஈராக்கில் பஸ்ரா நகரத்தைச் சுற்றிய சதுப்பு நிலங்களில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் உப்புப் படிந்த மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டிக் குவித்தார்கள். நிலத்தை விவசாயத்துக்குத் தோதாக்குகிற வேலை. ஸன்ஜ் என்று அவர்களுக்குப் பெயர். மாவும் பேரீச்சம்பழமும்தான் சாப்பாடு. 869இல் அவர்கள் எழுந்தார்கள். அலீ இப்னு முகம்மது என்பவர் தலைமை தாங்கினார். 871இல் பஸ்ராவைப் பிடித்தார்கள். அப்பாஸியப் பேரரசு அவர்களை அடக்க 883 ஆகிவிட்டது. 14 வருஷம். கவனியுங்கள்: அபூதரின் அந்தச் செய்தியைத் தன் தொகுப்பில் பதிந்த இமாம் புகாரி சமர்கந்துக்கு அருகில் இறந்தது 870இல். அடிமைகள் உங்கள் சகோதரர்கள், உண்பதை உண்ணக் கொடுங்கள் என்று தோல் அட்டையிட்ட புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சகோதரர்கள் சதுப்பு நிலத்தில் உப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பேரரசில், ஒரே ஆண்டுகளில்.

அதே மூச்சில் இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். அந்தக் கலகத்தின் தலைவர் தன் ஆட்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளில், உங்களையும் அடிமைகளுக்குச் சொந்தக்காரர்கள் ஆக்குவேன் என்பதும் ஒன்று என்று தபரீ தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். தபரீ கலகக்காரர்களின் எதிரித் தரப்பு என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அது நம்பமுடியாத விஷயமாகப் படவில்லை. மிதிபட்டவன் எழும்போது இன்னொருத்தனை மிதிக்க ஆசைப்படுவதை நம் சேரிகளுக்குள்ளேயே, உட்சாதிக்கு உட்சாதி, நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சக்கிலியத் தெருவுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் என்ன பதில் இருக்கிறது?

சவூதி அரேபியா அடிமைமுறையை ஒழித்தது 1962இல். மௌரிடானியா ஒழித்தது 1981இல். அங்கே அடிமை வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமாக ஆனது 2007இல்தான்.

இந்தியாவுக்கு வந்தால் கதை இன்னும் நமக்குப் பழக்கமானது. துக்ளக் காலத்து டில்லியில் அரசவையில் இருந்த ஜியாவுத்தீன் பரணீ, ஆட்சிக்கலை பற்றி 'ஃபதாவா-ஏ-ஜஹான்தாரீ' என்று ஒரு நூல் எழுதினார். இழிபிறப்பாளருக்குத் தொழுகை, நோன்பு பற்றிய விதிகளுக்கு மேல் எழுத்துப் படிப்புச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது அவர் வாதம். முஸ்லிம்களாகிவிட்ட இழிபிறப்பாளரையும் சேர்த்துத்தான் சொல்கிறார். அடிமை முன்னே நின்று தொழவைத்த குபா பள்ளி எங்கே, இது எங்கே. திருமணத்தில் 'கஃபா' என்கிற பொருத்தம் பார்ப்பதில், நெசவாளர், தோல் பதனிடுபவர், துப்புரவாளர் எல்லாம் மற்றவர்களுக்குச் சமமானவர் இல்லை என்று ஹனஃபி சட்டநூல்கள் தொழில்வாரியாகப் பட்டியல் போட்டன. 1901 வங்காள மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முஸ்லிம்களை அஷ்ரஃப், அஜ்லஃப், அர்ஸல் என்று மூன்றாகப் பதிவு செய்தது. அர்ஸல்களோடு மற்ற முஸ்லிம்கள் புழங்கமாட்டார்கள், அவர்கள் பள்ளிவாசலுக்குள் வரவோ பொது அடக்கத்தலத்தைப் பயன்படுத்தவோ தடை என்று அதில் இருக்கிறது. அம்பேத்கர் பாகிஸ்தான் பற்றிய தன் நூலில் இந்தப் பகுதியை எடுத்துக்காட்டினார். அர்ஸல் பட்டியலில் ஹலால்கோர் என்று ஒரு சாதி. மலம் அள்ளுகிறவர்கள். அந்தப் பெயருக்கு ஆகுமானதை உண்பவர் என்று அர்த்தம். பெயரை மட்டும் அழகாக வைத்துவிடுவதில் காந்திக்கு முன்னாடியே ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் தெரிந்துமா மீனாட்சிபுரத்து ஜனங்கள் போனார்கள்? 1981 பிப்ரவரி 19. திருநெல்வேலி மாவட்டத்து அந்தக் கிராமத்தில் ஏறத்தாழ 180 குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. மௌரிடானியா அடிமைமுறையை ஒழித்த அதே 1981. டில்லியிலிருந்து தலைவர்கள் ஓடிவந்தார்கள். நாடாளுமன்றத்தில் பேசினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: எவ்வளவு பணம் வாங்கினீங்க, வளைகுடாப் பணமா? டீக்கடை கிளாஸ், போலீஸ் அடி, படித்தும் ஒட்டிக்கொண்டே வந்த சாதிப்பெயர் இவற்றைப் பற்றி அந்த ஜனங்கள் சொன்னதை அவர்கள் காரணமாக ஏற்கவில்லை. ஒரு மனுஷன் மரியாதைக்காக மதம் மாறுவான் என்பது, மரியாதையைப் பிறக்கும்போதே வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்குப் புரியாது. பரணீயையும் ஸன்ஜ் கலகத்தையும் படித்துவிட்டு யாரும் மதம் மாறுவதில்லை. யார் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறான், யார் தொட்டுப் பேசுகிறான் என்று பார்த்துத்தான் மாறுகிறார்கள். என் அப்பா உட்கார்ந்த அந்தச் சஹன்தான் அவர்கள் படித்த ஹதீஸ்.

அரசாங்கம் மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். முஸ்லிமும் கிறிஸ்தவரும் வெளியேதான். மதம் மாறியவர்களின் நிலையை ஆராய 2022இல் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் ஒன்று அமைத்தார்கள். இஸ்லாத்தில் சாதி கிடையாது என்று அரசும் சொல்கிறது, ஜமாஅத்துப் பெரியவர்களும் சொல்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே வரியைச் சொல்லும்போது நமக்குச் சந்தேகம் வரவேண்டும். வடக்கே 1998இல் பஸ்மாந்தா முஸ்லிம் மஹாஸ் என்று பின்தள்ளப்பட்ட முஸ்லிம்கள் அமைப்பாகத் திரண்டு, அர்ஸல் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லத் தொடங்கினார்கள். அபூதர் சொன்ன மாதிரித் தன் வீட்டுக் கேவலத்தைத் தானே சொல்வது. அது மார்க்கத்துக்கு விரோதம் என்று அவர்களைத் திட்டியவர்கள் அபூதரின் கதையை மேடையில் சொல்கிறவர்கள்தான்.

அந்தப் பையனுக்குச் சொல்ல இன்னொரு கதையும் உண்டு. அதைச் சொல்லி முடிக்கிறேன்.

மதீனாவில் நபியின் பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கிய கறுப்புப் பெண் ஒருவர் இருந்தார். ஓர் இரவு அவர் இறந்துபோனார். தோழர்கள் அடக்கம் செய்துவிட்டார்கள். நபிக்குச் சொல்லவில்லை. இதற்குப் போய் அவரை எழுப்புவதா, சின்ன விஷயந்தானே என்று நினைத்துவிட்டார்கள். சில நாள் ஆளைக் காணாமல் நபியே விசாரித்தார். இறந்துவிட்டார் என்றார்கள். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே போய் நின்று தொழுதார்.

இந்தக் கதையை என் அத்தையிடம் சொன்னேன். நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முழுசாகக் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்தப் பொம்பள பேரு என்னடா?" என்றார்.

உம்மு மிஹ்ஜன் என்று சில நூல்களில் இருக்கிறது, மிஹ்ஜனின் தாய் என்று அர்த்தம் என்றேன்.

"அது மகன் பேருல்ல? நான் அவ பேரைக் கேட்டேன்."

வீட்டுக்கு வந்து புகாரியின் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். அங்கே உம்மு மிஹ்ஜன் என்ற பெயரும் இல்லை. பள்ளிவாசலைப் பெருக்கிய அந்தக் கறுப்பு ஆள் ஆணா பெண்ணா என்பதிலேயே அறிவித்தவருக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தே எழுதி வைத்திருக்கிறார்கள்.